தனித்தனி டிக்கெட்டில் சிங்கப்பூர் வழியாகத் திருச்சி: பெட்டி, விசா, கஸ்டம்ஸ்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திருச்சிக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கினால் ஒரு விலை. சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருச்சிக்குத் தனியாக ஒரு பட்ஜெட் விமானம் என்று பிரித்து வாங்கினால் வேறு விலை, அதுவும் பள்ளி விடுமுறை நேரத்தில் நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. புதுக்கோட்டை, காரைக்குடி, தஞ்சாவூர் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் போகிறோம். நடுராத்திரி சென்னையில் இறங்கி, பிள்ளைகளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு விடிய விடிய வருவதை நினைத்தால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் திருச்சி எவ்வளவோ மேல்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பெட்டி நேரா திருச்சிக்கு வந்துருமா?"

வராது. ஆனால் பெட்டி வராததைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் சிங்கப்பூர் நாட்டுக்குள் நுழைய வேண்டும். டிரான்சிட் பயணி என்ற சௌகரியம் அங்கேயே போய்விடும். சிங்கப்பூருக்கு ஊர் சுற்ற வந்தவருக்கு என்னென்ன சட்டமோ அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும்: விசா, வருகை அட்டை, கஸ்டம்ஸ், தடை செய்த பொருள்கள். அப்புறம் மேல் மாடிக்குப் போய்ப் புதிதாகக் கிளம்புகிற ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை யோசிப்பதே இல்லை.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ இருந்து, அடுத்த பயணத்துக்கு உறுதியான டிக்கெட்டும் கையில் இருந்தால், விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை உள்ளே விடும் ஒரு வசதி இருக்கிறது. கிரீன் கார்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை. சிக்கல் எச்1பி வேலை விசாவில் இருக்கும் ஆட்களுக்கு. அமெரிக்காவில் சட்டப்படி வேலை பார்க்கிறோம், அதற்கு அனுமதி தந்த ஐ-797 காகிதம் கையில் இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா தேதி முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிக்கத்தான் ஊருக்கே போகிறோம் என்ற நிலைமையில் எத்தனை பேர் இருக்கிறோம்! தேதி முடிந்த விசாவை வைத்துக்கொண்டு இந்த வசதியைக் கேட்க முடியாது. முன்கூட்டியே சிங்கப்பூர் விசா எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சான் பிரான்சிஸ்கோ கவுன்டரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். அவர்கள் கணினியில், ஒவ்வொரு நாட்டின் விசா விதிகளும் இருக்கும் 'டைமாட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அங்கே போய் வாதாடிப் பயனில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்து பெட்டியும் திருச்சி வரை டேக் ஆகியிருந்தால் இதே ஆள் சிங்கப்பூரில் இமிகிரேஷன் அதிகாரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போயிருப்பார். மிச்சம் பிடித்த பணத்தில் விசாக் கட்டணத்தையும் அலைச்சலையும் கழித்துவிட்டு என்ன தேறுகிறது என்று பார்ப்பது நல்லது.

அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு விசா வேண்டாம். ஆனால் யாராக இருந்தாலும் உள்ளே நுழைய எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் அரசாங்கத்தின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். தேடினால் முதலில் வந்து நிற்பது காசு கேட்கும் போலித் தளங்களாகவும் இருக்கும், ஜாக்கிரதை.

கையில் தூக்கும் பை மட்டும்தான் என்றால் கதை வேறு. இரண்டாவது விமானத்துக்கு இணையத்தில் செக்-இன் செய்துவிட்டோ, உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் போர்டிங் பாஸ் வாங்கியோ, இமிகிரேஷன் பக்கமே போகாமல் கிளம்பலாம். இதற்கு இரண்டாவது நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊருக்குப் போகிற தமிழன் கைப்பையோடு போய் நான் பார்த்ததில்லை.

சரி, செக்-இன் கவுன்டர். அங்கே நிற்பவர் நல்ல மனிதராக இருந்தால், இரண்டாவது டிக்கெட்டையும் காட்டுங்கள், முடிந்தால் கடைசி வரை டேக் போடுகிறேன் என்பார். ஒருவர் பெட்டியை மற்றவர் வாங்கிக்கொள்ளும் இன்டர்லைன் ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இருந்தால்தான் அது நடக்கும். பெரும்பாலான பட்ஜெட் நிறுவனங்களுக்கு மற்றவர்களோடு அப்படி ஒப்பந்தம் கிடையாது. பெரிய நிறுவனங்களும் இப்போது கையை விரிக்கிறார்கள். ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணி, தனித்தனி டிக்கெட்டுக்கும் பெட்டியைக் கடைசி வரை அனுப்பியே ஆக வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு வைத்திருந்த கட்டாயத்தை 2016-லேயே எடுத்துவிட்டது. அதனால் யாரோ 2012-ல் கொடுத்த "எனக்கு நேரா போட்டுக் குடுத்தாங்களே" என்ற அறிவுரையை நம்ப வேண்டாம். டேக் ஒட்டியதும் அதில் பெரிதாக இருக்கும் மூன்றெழுத்தைப் படியுங்கள். எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர், டி.ஆர்.இசட். என்றால் திருச்சி. எஸ்.ஐ.என். என்று இருந்தால் பெட்டி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலைய பெல்ட்டில் சுற்றிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும், வாயால் யார் என்ன உறுதி சொல்லியிருந்தாலும் சரி.

சாங்கியில் இறங்கியதும் கூட்டம் போகிற பக்கம் போகக் கூடாது. பாதிப் பேர் டிரான்ஸ்ஃபர் பலகையைப் பார்த்துத் திரும்புவார்கள். நீங்கள் 'அரைவல்' பலகையைப் பிடித்துக்கொண்டு கீழே போக வேண்டும். இமிகிரேஷனில் இப்போது தானியங்கிக் கதவுகள்தான், வேகம். விசா இல்லா வசதியில் நுழைபவரை அதிகாரி தனியாகக் கூப்பிட்டு அடுத்த டிக்கெட்டைக் கேட்கலாம், அதனால் அதை அச்சடித்துக் கையில் வைத்திருப்பேன். அப்புறம் பெல்ட், பெட்டி, தள்ளுவண்டி, கஸ்டம்ஸ், வெளி வாசல். அங்கிருந்து அடுத்த விமானத்தின் முனையத்துக்கு ஸ்கைடிரெயின். 1, 2, 3 ஆகிய மூன்று முனையங்களுக்கும் ரயில் உண்டு, நடந்தும் போகலாம். 4-வது முனையத்துக்கு மட்டும் பேருந்துதான். வந்து இறங்கிய முனையமும் கிளம்பும் முனையமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். திருச்சிக்கு ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று மூன்று நிறுவனங்கள் பறக்கின்றன, எது எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டர் திறக்க நேரம் இருந்தால் காசு கொடுத்துப் பெட்டி வைத்துவிட்டு வெளியே சுற்றப் போகலாம். தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் போய் ஒரு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தால், தனி டிக்கெட் வாங்கியதற்கு ஒரு நல்லதாவது நடந்ததாகத் தோன்றும்.

நடுவில் பெட்டி கைக்கு வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. முதல் விமானத்தில் வாங்கிய டூட்டி ஃப்ரீ பாட்டில், தண்ணீர், பெரிய லோஷன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் தள்ளிவிடலாம். இதை மறந்து கையிலேயே வைத்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில், கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி பிடித்துக்கொள்ளும். சாங்கியில் பெரும்பாலும் அந்தச் சோதனை கேட்டுக்கு வந்த பிறகுதான் நடக்கும், அங்கே போய்ப் பெட்டியைத் தேட முடியாது.

இனி கஸ்டம்ஸ். இதைத்தான் ரொம்பப் பேர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும்தான் இருக்கும், பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து திரும்பும்போதுதான் பெட்டிக்குள் ஒரு மளிகைக் கடையே இருக்கும். ஒரே டிக்கெட்டில் போகிறவர் அமெரிக்க விதியை மனதில் வைத்து அடுக்குவார். தனி டிக்கெட்டில் போகிறவர் சிங்கப்பூர் விதி, அமெரிக்க விதி இரண்டுக்கும் சேர்த்து அடுக்க வேண்டும்.

உதாரணம், கசகசா. அமெரிக்காவில் இந்தியக் கடைகளிலேயே பாக்கெட்டில் விற்கிறார்கள். சிங்கப்பூரிலோ அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வரும் பொருள், சும்மா பெட்டியில் போட்டுக் கொண்டுபோகக் கூடாது. துபாய், அபுதாபி என்றால் கேட்கவே வேண்டாம், அமீரகம் முழுக்கத் தடை. அம்மா ஒருமுறை எங்களோடு வந்தபோது பெட்டி அடுக்கி முடித்த பிறகு இதைச் சொன்னேன். "குருமாவுக்குக் கசகசா இல்லாம எப்படிப்பா? நம்ம வீட்டுச் சாமான்தானே, அவன் என்ன கண்டான்" என்றார். வெளியே எடுத்து வைத்ததில் எனக்கும் அம்மாவுக்கும் திருச்சி விமான நிலையம் போகும் வழி முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. முந்திரி போட்டு அரைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

மாமாக்கள் கூட வந்தால் சட்டைப் பையையும் பார்த்துவிடுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. சிகரெட்டுக்கு வரியில்லா அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மின் சிகரெட், சுவிங்கம் இரண்டும் கூடாது, மின் சிகரெட் விஷயத்தில் ரொம்பக் கடுமையாக இருக்கிறார்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மருந்து போன்றவற்றுக்கு அவர்களுடைய சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும், பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையோடு அப்படியே வைத்திருந்தால் போதும், டப்பாவில் பிரித்துக் கொட்டாதீர்கள். எதிலாவது சந்தேகம் இருந்தால், காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் போய்க் காட்டிவிடுங்கள். தானே வந்து காட்டுகிறவரையும் பச்சை வழியில் பிடிபடுகிறவரையும் அவர்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அமெரிக்கப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இறைச்சி, பழம், பச்சைக் காய்கறி கூடாது. கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் அந்தத் தடை. அரிசியும் கூடாது, அதற்குக் காரணம் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு. பொடி, வற்றல், ஊறுகாய் வகைகளை "உணவு இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் பொதுவாக முதலில் இறங்கும் அமெரிக்க ஊரில் பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். தாண்டியதும் மறுபடி பெட்டி போடும் பெல்ட் ஒன்று இருக்கும், அது கடைசி ஊர் வரை டேக் ஒட்டிய பெட்டிகளுக்கு. தனி டிக்கெட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பாட்டு மாடிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

எடை அடுத்த தலைவலி. பசிபிக் கடலைத் தாண்டும் டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, அதாவது பெட்டிக் கணக்கு. பட்ஜெட் விமானத்தில் கிலோக் கணக்கு, அதையும் தனியாக வாங்க வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே எடுத்தால் மலிவு, கவுன்டரில் போய் நின்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் வைத்துத் தீட்டுவார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து எவ்வளவு கிலோ வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை டிக்கெட் விலையோடு கூட்டிய பிறகுதான் எது மலிவு என்றே தெரியும். கைப்பையையும் எடை போடுவார்கள்.

டெல்லி, மும்பை வழியாக வருகிறவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வடிவில். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் கஸ்டம்ஸ் என்பதால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பொதுவாகப் பெட்டியை அங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். வித்தியாசம் எங்கே என்றால், ஒரே டிக்கெட்காரருக்கு வெளிநாட்டுப் பயணத்தின் பெட்டி அளவே பெரும்பாலும் உள்நாட்டுக்கும் செல்லும், கஸ்டம்ஸ் தாண்டியதும் பக்கத்திலேயே மறுபடி பெட்டி போடும் கவுன்டரும் இருக்கும். தனி டிக்கெட் என்றால் சாதாரண உள்நாட்டுப் பயணியின் 15 கிலோதான். 46 கிலோவோடு வந்து நிற்பவர் மீதி 31 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். டெல்லியில் 3-வது முனையத்தில் இறங்கி 1-வது முனையத்தில் ஏற வேண்டியிருந்தால் சில கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். நம் நாடு என்பதால் விசாப் பிரச்சினை இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

எவ்வளவு நேரம் இடைவெளி விடலாம்? ஒரு டிசம்பரில் எங்கள் முதல் விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தே தாமதமாகக் கிளம்பியது. சாங்கியில் நாங்கள் பெட்டியோடு ஓடி வந்தபோது இரண்டாவது நிறுவனத்தின் கவுன்டர் மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பட்ஜெட் நிறுவனங்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். விமானம் அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் ஏற முடியாது. முதல் நிறுவனத்திடம் போனால் "உங்களைச் சிங்கப்பூரில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். இரண்டாவது நிறுவனம் "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி, அதுதான் எரிச்சல். மறுநாள் விமானத்துக்கு நான்கு பேருக்கும் அன்றைய விலையில் புது டிக்கெட். மிச்சம் பிடித்ததெல்லாம் போய், மேலேயும் செலவு. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

அதனால் இப்போது ஏழெட்டு மணி நேரத்துக்குக் குறைவாக விடுவதில்லை, முடிந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டே கிளம்புகிறோம். அன்றைய கடைசி விமானத்தை எடுப்பதே இல்லை. இரண்டாவது டிக்கெட்டைப் போக ஒன்று, வர ஒன்று எனத் தனித்தனியாக வாங்குவது நல்லது. பெரிய நிறுவனங்களில் போக-வர ஒரே டிக்கெட்டாக வாங்கி, போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் விமானத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள், பலருக்கு அது ஊரிலிருந்து திரும்பும் நாளில்தான் தெரியவருகிறது. பயணக் காப்பீடு எடுத்தால், தனித்தனி டிக்கெட்டில் விமானத்தைத் தவறவிட்டாலும் பணம் தருவார்களா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

வயதானவர்களைத் தனியாக இந்த வழியில் அனுப்ப மாட்டேன். எவ்வளவு மிச்சமானாலும் சரி. அமெரிக்க விசா இருப்பதால் சிங்கப்பூருக்குள் நுழைவதில் பிரச்சினை இல்லை, ஆனால் சக்கர நாற்காலி உதவி முதல் நிறுவனத்தோடு முடிந்துவிடும். வருகைக் கூடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து இரண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வேறு முனையத்துக்குப் போய், இரண்டாவது நிறுவனத்திடம் புதிதாக நாற்காலி கேட்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் முட்டி வலியோடு யார் செய்வது? பெற்றோருக்கு ஒரே டிக்கெட், இளவட்டங்களுக்குத் தனித்தனி என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்சி கஸ்டம்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-ல் திறந்த புது முனையம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது காலங்காலமாகக் குருவிகள், அதாவது கூலிக்குச் சாமான் கடத்தி வருபவர்கள், வந்து போகும் பாதை. சிங்கப்பூர் விமானத்தில் இறங்கினாலே ஒரு சந்தேகப் பார்வை உண்டு, நீங்கள் கலிபோர்னியாவிலிருந்து வருகிறீர்கள் என்று நெற்றியில் எழுதியிருக்காது. முதல் விமானத்தின் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து காட்டினால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. நகையோடு போய்வரும் பெண்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கியது" என்ற கேள்விக்குக் காகிதமே பதில் சொல்லும். இதற்குக் கொஞ்சம் சீக்கிரம் விமான நிலையம் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ. ஒரே டிக்கெட்டில் கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்தைப் பிடித்தால் போதும். தனி டிக்கெட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. சாங்கியில் பெட்டியைக் கையில் வாங்கியபோது சக்கரம் உடைந்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், அவசரத்தில் அப்படியே அடுத்த கவுன்டரில் போட்டுவிட்டால் திருச்சியில் இரண்டாவது நிறுவனம் ஏற்காது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும், இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இதற்கெல்லாம் ஆதாரம், பெட்டி வராத அன்றே எழுதிக் கொடுத்து வாங்கும் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டுதான். பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். வெளியே மாமா கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், நாளைக்கு வந்து கேட்டுக்கலாம் என்று வந்துவிட்டால் காவலர் திரும்ப உள்ளே விடமாட்டார்.